டெக்சஸில் மேரேஜ் லைசென்ஸ்: சின்ன கவுண்டி அலுவலகத்துக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊரில் முதலில் கல்யாணம், அப்புறம்தான் பதிவு. தாலி கட்டி, போட்டோ எடுத்து, பத்திரிகையையும் கையில் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவோம். அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். முதலில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில் மேரேஜ் லைசென்ஸ் வாங்க வேண்டும், அதாவது கல்யாணம் செய்துகொள்ள அனுமதி, அதற்குப் பிறகுதான் கல்யாணம். இந்த ஒரு விஷயம் புரியாமல் கோயில், மண்டபம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுக் கடைசி மூன்று நாளில் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இங்கே சொல்வது டெக்சஸுக்கு மட்டும்.

டெக்சஸில் 254 கவுண்டிகள். நீங்கள் குடியிருக்கும் கவுண்டியில்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று கிடையாது, எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் மாநிலம் முழுக்கச் செல்லும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேருக்கு மேல், மேற்கே லவிங் கவுண்டியில் அதே கணக்கெடுப்பில் 64 பேர், ஆனால் இரண்டும் தரும் லைசென்ஸுக்கு ஒரே மதிப்புதான். மக்கள்தொகை 8,000-க்குக் கீழே உள்ள கவுண்டிகளில் நீதிமன்ற எழுத்தர் வேலையையும் கவுண்டி கிளார்க் வேலையையும் ஒருவரே பார்க்கலாம் என்று மாநில அரசியலமைப்பே இடம் தருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஊர் நடுவில் பழைய கோர்ட் கட்டடம் இருக்கும், உள்ளே ஒரு கவுண்டரும் இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். நிலப் பத்திரம், வழக்குக் காகிதம், உங்கள் லைசென்ஸ் எல்லாம் அவர்கள் கையால்தான். கூட்டம் இருக்காது, பொறுமையாகப் பேசுவார்கள், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஆனால் போகும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்தும் அலுவலகங்கள் உண்டு. கார்டு வாங்காமல் பணமோ மணி ஆர்டரோ மட்டும் வாங்குகிற இடங்களும் உண்டு. பல இடங்களில் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், ஐந்து மணிக்கு மூடுகிறார்கள் என்று நாலே முக்காலுக்குப் போய் நிற்காதீர்கள். கட்டணமும் கவுண்டிக்குக் கவுண்டி கொஞ்சம் மாறும். மாநிலச் சட்டம் வைத்திருப்பது 60 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள் சேரும். மணமக்கள் இருவருமே டெக்சஸில் குடியிராதவர்கள் என்றால் கூடுதலாக 100 டாலர்.

இருவரும் நேரில் போக வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ போதும், இந்தியப் பாஸ்போர்ட்டும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும். குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டியதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் எழுதச் சொல்வார்கள், விசாவில் புதிதாக வந்தவருக்கு அது இல்லை என்பதற்காக லைசென்ஸ் மறுக்கப்படாது. ரத்தப் பரிசோதனை கிடையாது, சாட்சிகளும் தேவையில்லை. விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு வந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் என்றால் நீதிமன்றத்தின் விலக்கு வேண்டும். 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு ஒரே பாலின இணையருக்கும் இதே படிவம், இதே கட்டணம்.

நம் ஆட்கள் நின்று கவனிக்க வேண்டியது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியலாக, இன்னொரு இடத்தில் கடைசிப் பெயராக, சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே கிடக்கும். சின்ன ஊர் கிளார்க்குக்கு இது பழக்கமே இருக்காது, அவராக ஊகித்து எதையாவது போட்டுவிடலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள், அச்சடித்த தாளைக் கையெழுத்துக்கு முன் இருவரும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் விசாவுக்கோ பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கவோ போகும்போது ஒரு எழுத்துப் பிழை எத்தனை மாத அலைச்சல் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது உறுதிமொழி, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. விண்ணப்பத்தில், நாங்கள் இன்னின்ன உறவு இல்லை என்று இருவரும் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்மாமன் உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அதாவது பெற்றோரின் உடன்பிறந்தாருடைய பிள்ளைகளும் உண்டு. ஊரில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று ஊரே சேர்த்துப் பேசும் உறவு, வழக்கத்தை ஏற்று இந்து திருமணச் சட்டமும் இடம் கொடுக்கும் உறவு, இங்கே லைசென்ஸ் கிடைக்காத உறவு. இது நம்மை நினைத்து வந்த விதி அல்ல. டெக்சஸில் எல்டொராடோ என்ற ஊர்ப் பக்கம் குடியேறிய ஒரு பலதார மணக் குழுவை மனதில் வைத்து 2005-ல் சட்டத்தை இறுக்கியபோதுதான் அத்தை, மாமன் பிள்ளைகள் பட்டியலில் சேர்ந்தார்கள். யாரை நினைத்து வந்திருந்தாலும் எல்லோருக்கும் பொருந்தும், பொய்ச் சத்தியம் குற்றம். உங்கள் நிலைமை இதுவானால் கவுண்டரில் போய் நிற்பதற்கு முன் ஒரு குடும்பநல வழக்கறிஞரைப் பாருங்கள், தயவுசெய்து.

இனி நேரக் கணக்கு. லைசென்ஸ் கையில் வந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம் கழியாமல் கல்யாணம் நடத்தக் கூடாது. மூன்று நாள் என்று விரல் விட்டு எண்ணாதீர்கள், மணிக்கணக்காகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை 6.30-க்கு முகூர்த்தம் என்று வையுங்கள், செவ்வாய் காலை 10 மணிக்கு லைசென்ஸ் வாங்கினால் 72 மணி நேரம் முடிவது வெள்ளி காலை 10-க்கு, அதற்குள் முகூர்த்தம் போய்விடும். திங்கட்கிழமையே வாங்கியிருக்க வேண்டும், திங்கள் அரசு விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வெள்ளி. ரொம்ப முன்னாலும் வாங்க முடியாது, ஏனென்றால் 90 நாளில் காலாவதி. நான் எல்லோருக்கும் சொல்வது, கல்யாணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பு, நடுவாரத்தில் ஒரு காலை நேரம்.

72 மணி நேரக் காத்திருப்புக்கு விலக்கும் உண்டு. பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு உண்டு, நீதிபதி எழுதிக் கொடுத்தாலும் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு உதவக்கூடியது மாநில அரசு ஆதரிக்கும் 'டுகெதர் இன் டெக்சஸ்' என்ற எட்டு மணி நேர மணமக்கள் வகுப்பு. ஆன்லைனிலும் இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் காத்திருப்பும் கிடையாது, கட்டணத்தில் 60 டாலரும் குறையும். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நான்கு நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்கிற குடும்பங்களுக்கு நல்ல வழி.

நடத்தி வைப்பவர் யார்? நீதிபதிகள் நடத்தலாம், சின்ன ஊரில் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்கிற உள்ளூர் நீதிபதி பல நேரம் அதே கட்டடத்திலோ பக்கத்திலோ இருப்பார். பாதிரியார், ரபி, ஒரு மத அமைப்பு அதிகாரம் கொடுத்தவர் ஆகியோரும் நடத்தலாம், கோயில் குருக்கள் இந்தக் கடைசி வகையில் வருவார். கோயிலில் தேதி குறிக்கும்போதே, லைசென்ஸில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டுவிடுங்கள். தாலி கட்டி முடிந்ததும் அவர் தேதி, கவுண்டி எழுதிக் கையெழுத்திட்டு, 30 நாளுக்குள் அந்தத் தாள் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அனுப்பும் பொறுப்பு சட்டப்படி அவருடையது. இருந்தாலும் கல்யாண அமளியில் அது வெற்றிலைத் தட்டுக்கு அடியில் போய்விடும், வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் சொல்லி அன்றைக்கே உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த தாளைக் கிளார்க் பதிவு செய்த பிறகுதான் உங்களுக்குச் சான்றிட்ட நகல் கிடைக்கும். விசா, இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் கேட்பது இதைத்தான். ஆஸ்டினில் உள்ள மாநில அலுவலகம் கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்று ஒரு கடிதம்தான் கொடுக்கும், சான்றிட்ட நகல் லைசென்ஸ் கொடுத்த கவுண்டியில் மட்டும்தான். அழகான ஊர் என்று ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போய் வாங்கினால், பத்து வருடம் கழித்து நகல் வேண்டும்போதும் அதே அலுவலகத்துக்குத்தான் கடிதம் எழுத வேண்டும், அதனால் முதல் தடவையே மூன்று நான்கு நகல் வாங்கிவிடுங்கள். இந்தியாவில் காட்ட வேண்டியிருந்தால் ஒரு நகலை மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி அபோஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று, வாங்கிக்கொள்ளலாம், ஒரு ஆவணத்துக்கு 15 டாலர்.

ஊரில் சட்டப்படி கல்யாணம் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். அந்த ஊர்ச் சட்டப்படி செல்லும் கல்யாணத்தைக் குடியேற்றத் துறை ஏற்றுக்கொள்ளும், பதிவுச் சான்றிதழை மட்டும் பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.