ஏழும் எட்டும் சந்திக்கும் இடம்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் வீட்டில் ஓர் ஆல்பத்தைப் போட்டிருக்கிறாள். ஹவுஸ், டப்ஸ்டெப், நடுநடுவே உறுமி, நாலாவது பாட்டில் மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) என்று எல்லாம் கலந்த எலெக்ட்ரானிக் நடன இசை. மகளுக்கு நாலாவதைத் தவிர எல்லாமே பிடித்திருக்கிறது. சின்ன வயதில் மிருதங்கம் கற்ற அப்பாவுக்கோ அந்த நாலாவது மட்டும்தான் பிடித்திருக்கிறது. கைபேசியில் கேட்ட பெரியப்பாவுக்கு மொத்தமும் தலைவலி. "ஒரே சத்தம்தானே மூன்று பேர் காதிலும் விழுகிறது? அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, உட்செவியில் மின்சமிக்ஞையாக மாறி மூளைக்குப் போவதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதுவரை மூவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூளை அந்தச் சமிக்ஞை வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த தட்டு எப்போது விழும் என்று அது முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. கிரான், பிரெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூளை ஸ்கேனருக்குள் அசையாமல் படுத்தபடி தாளம் கேட்டவர்களுக்கும் உடல் அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பானதைக் கண்டார்கள். கால் ஆடவில்லை, ஆனால் ஆடுவதற்கான ஏற்பாடு உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் தாளத்தைப் போட்டு, முதல் அடியை மட்டும் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தது 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு. வர வேண்டிய அடி வராததைக் குழந்தைகளின் மூளை கவனித்துவிட்டது!

கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தால் சலிப்பு. ஒவ்வொரு முறையும் தவறினால் எரிச்சல். நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. 2014-ல் மரியா விட்டெக்கும் சக ஆய்வாளர்களும் பலவகை டிரம்ஸ் துண்டுகளைப் போட்டுக்காட்டி, எதைக் கேட்டால் ஆடத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். அடிகள் இடம் மாறி விழுவது மிகக் குறைவாக இருந்தாலும் ஆடத் தோன்றவில்லை, மிக அதிகமாக இருந்தாலும் தோன்றவில்லை. நடுத்தரத்துக்குத்தான் அதிக வாக்கு.

இந்த நடுத்தரம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதைப் பார்க்க அந்த நாலாவது பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஹவுஸ் இசை நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வினாடிக்கு ஒரு கிக் (பெரிய டிரம்மின் அடி), நாலு கிக் சேர்ந்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு கிக்கையும் இரண்டாக வெட்டினால் கால் வினாடித் துண்டுகள் கிடைக்கும், சுற்றுக்கு எட்டு. இதே துண்டுகளின் மேல் கொன்னக்கோல்காரர் 'தகிட தகதிமி' என்று ஏழு சொல்கிறார். இருவரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். ஹவுஸ் தன் எட்டை முடிப்பதற்குக் கால் வினாடி முன்பே தாளம் அடுத்த 'தகிட'வுக்குப் போய்விடுகிறது. அடுத்த சுற்றில் அரை வினாடி முந்துகிறது. அப்புறம் முக்கால்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. முதல் ஆவர்த்தனத்தில், அதாவது ஏழின் முதல் சுற்றில், கிக் 1, 3, 5, 7 ஆகிய எழுத்துகளில் விழுகிறது. அதாவது த, ட, க, மி. அடுத்த ஆவர்த்தனத்தில் 2, 4, 6. அதாவது கி, த, தி. கிக் ஓர் இம்மி நகரவில்லை. சொல்கிற சொல்லும் மாறவில்லை. ஆனால் 'தகதிமி'யின் முதல் 'த', ஒரு முறை கிக் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது, மறுமுறை கிக்கோடு நெஞ்சில் இடிக்கிறது. இப்படி மாறி மாறிப் போய், ஏழெட்டு ஐம்பத்தாறு துண்டுகள் கழித்து, சரியாக 14 வினாடியில் இரண்டும் ஒன்றாக முதல் அடியில் வந்து உட்காருகின்றன. மிருதங்கம் கற்றவருக்கு இது கோர்வை (தாளக் கணக்கின் முடிப்பு) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து இறங்கும் அதே சுகம். 14 வினாடியும் அவர் மூளை அந்த இடத்தை நோக்கியே போய்க்கொண்டிருக்கும். மகளுக்கு எட்டு மட்டும்தான் பழக்கம் என்றால், அதே 14 வினாடி யாரோ தொடர்ந்து தாளம் தப்புவதாகவே கேட்கும். அவளுக்குப் பிடித்த மற்ற பாட்டுகளில், சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், கிக்கை நிறுத்தி, காக்க வைத்து, டிராப்பில், அதாவது முழுத் தாளமும் திரும்பப் பாயும் இடத்தில், இறக்குகிறார்களே, அந்தக் காத்திருப்பு அவளுக்கு மனப்பாடம். அப்பாவுக்கு அது வெறும் இடைவெளி.

காத்திருப்பிலேயே இன்பம் தொடங்கிவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. மாண்ட்ரியலில் 2011-ல் நடந்த ஆய்வில், பிடித்த இசையின் உச்சத்தில் மட்டுமல்லாமல், அதற்கு முன்பான எதிர்பார்ப்பிலும் இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரந்தது தெரியவந்தது, அதுவும் மூளையின் வேறொரு பகுதியில். உச்சம் வரப்போகிறது என்று தெரியாதவருக்கு அந்த முதல் பாதி கிடைக்க வழியில்லை.

பழக்கத்தால் வரும் இந்தக் கணக்கு எப்போது கெட்டிப்படுகிறது? எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் இருவரும் 2005-ல் இதைச் சோதித்தார்கள். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளின் நாட்டுப்புற இசையில் ஏழு எண்ணிக்கைத் தாளங்கள் சகஜம். அதில் சின்னக் குளறுபடி செய்தால் ஆறு மாத வட அமெரிக்கக் குழந்தைகளால் கண்டுபிடிக்க முடிந்தது, வட அமெரிக்கப் பெரியவர்களால் முடியவில்லை. பால்கனில் வளர்ந்த பெரியவர்களுக்கோ சிரமமே இல்லை. ஒரு வயதுக் குழந்தைகளுக்கு அந்தத் திறமை மங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் அந்த இசையைக் கொஞ்ச நாள் கேட்க வைத்தால் மீண்டு வந்தது. பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் வரவில்லை.

கேட்பவர் காது மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்குச் சரண்ஜித் சிங்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மும்பையின் இந்தித் திரைப்பட இசைக் கலைஞரான இவர், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். தபலாவுக்குப் பதில் ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரம், கூடவே டிபி-303 என்ற சிந்தசைசர். பாஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்த அந்த 303-ல், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக ஒரு வசதி உண்டு. ராகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் அன்று அதை வாங்க ஆளில்லை. 1987-ல் சிகாகோவில் அதே 303-ஐத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. 2010-ல் சிங்கின் ஆல்பம் மறுவெளியீடு கண்டபோது, ஆசிட் ஹவுஸில் ஊறிய காதுகள் அதைக் கொண்டாடின. யாரோ இப்போது செய்துவிட்டுப் பழையது என்று ஏமாற்றுகிறார்களோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பதிவில் இருந்த ஒலி 28 ஆண்டுகளில் மாறவில்லை.

பெரியப்பாவின் தலைவலிக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் ஆழமான பாஸைத் தர முடியாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சியின்போது, காதுக்கு எட்டுவதே கடினமான மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தரும் ஸ்பீக்கர்களை அவ்வப்போது போட்டு அணைத்தார்கள். அவை ஓடிய நேரங்களில் கூட்டம் சராசரியாக 11.8 விழுக்காடு அதிகமாக ஆடியது என்று 2022-ல் முடிவு வந்தது. போட்டதும் அணைத்ததும் ஆடியவர்களுக்குத் தெரியவே இல்லை. உறுமியின் அடிவயிற்றுச் சத்தம் இல்லாமல் அந்த ஆல்பத்தைக் கேட்டால் மிஞ்சுவது கீச்சும் இரைச்சலும்தான்.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்த் திருமணத்தின் கொம்பாங் கைமேளம், இன்னொரு வாரம் சிங்க நடன மேளம் கேட்டு வளர்கிறார்கள், தைப்பூசத்தில் உறுமி வேறு. ஹானனின் சோதனையைச் செய்ய இதைவிடத் தோதான ஊர் எது? பெரிய தொகைகூட வேண்டாம். ஆனால் "இதனால் என்ன பயன், எந்தத் தொழிலுக்கு உதவும்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் திணறிப்போகும். மறுபக்கம், 432 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்த இசை நோய் தீர்க்கும் என்ற செய்தி வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று ஆளுக்கொரு சுருதியில் பாடும் மரபைச் சேர்ந்தவர்களும் அதைப் பக்தியோடு அனுப்புவதுதான் எனக்குப் புரியவில்லை.

வாசகருக்கு ஒரு யோசனை. பெரியப்பாவுக்கு ஒரு நல்ல ஹெட்போனை மாட்டிவிடுங்கள். அப்புறம் நாலாவது பாட்டைப் போட்டு, நீங்கள் தொடையில் ஏழு போடுங்கள், மகள் கிக்கை எண்ணட்டும். 28 கிக் முடிந்து அடுத்த கிக்கில் இருவரும் சேர்ந்து 'ஒன்று' சொல்கிறீர்களா என்று பார்த்து எழுதுங்கள்.