அல்காரிதம்: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

கோத்தகிரியில் ரீல்ஸ் போடுகிற பசங்களும் ஊட்டியில் விடுதி நடத்துகிறவர்களும் இப்போது ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள்: "அல்காரிதம் மாறிடுச்சு." வீடியோ ஓடவில்லையா, அல்காரிதம். புக்கிங் குறைந்ததா, அதுவும் அல்காரிதம். மலையில் திடீரென்று மூடுபனி இறங்குவது மாதிரி, யாரும் செய்யாமல் தானாக நடக்கிற ஒன்றாக அதைப் பேசுகிறோம். அது தப்பு.

ஒரு வேலையை எங்கே தொடங்கி, எதற்குப் பின் எதைச் செய்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று ஐயமில்லாமல் வகுத்து வைத்த படிகள்தான் அல்காரிதம். கம்ப்யூட்டர் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண நம் பழைய கணித நூலான கணக்கதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணு, 6-ஆல் பெருக்கு, 5-ஆல் வகு. பர்லியாறு பக்கம் பழம் வாங்கும்போது போட்டுப் பார்க்கலாம். விடை சரியாக வருமா என்பது வேறு விஷயம், ஆனால் அது முழு அல்காரிதம்.

சொல் ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. குவாரிஸ்ம் என்பது மத்திய ஆசியாவில் ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள பகுதி, 'அல்-குவாரிஸ்மி' என்றால் அந்த ஊர்க்காரர். இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடுவதைப் பற்றி அவர் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போக, அங்கே அவர் பெயர் 'அல்கோரிஸ்மி' ஆகி, அந்த எண்களால் கணக்குப் போடும் முறைக்கே பெயராகி, பிற்பாடு எந்தப் படிவரிசைக்கும் பொதுப்பெயராக விரிந்தது. அல்ஜீப்ராவும் அவருடைய இன்னொரு நூலின் தலைப்பிலிருந்து வந்ததுதான்.

சரி, நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். பசுந்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கிற சராசரி விலையும் ஒரு அல்காரிதத்தில்தான் வருகிறது. ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பார்கள், 1 கிலோ தூளுக்கு 4 கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும் என்பதைக் கணக்கில் எடுப்பார்கள், அப்புறம் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். விலை போதவில்லை என்று சிறு விவசாயி சண்டை போடும்போது எந்தப் படியில் தனக்கு அடி விழுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது, ஏனென்றால் விகிதம் எல்லோருக்கும் தெரியும்.

போனில் ஓடுவது அப்படி இல்லை. எந்த வீடியோவில் நின்றீர்கள், எதைத் தள்ளினீர்கள் என்று பல கோடிப் பேரின் பழக்கத்திலிருந்து இயந்திரம் கற்றுக்கொண்டு, அடுத்து எதைக் காட்டினால் நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீர்கள் என்று கணிக்கிறது. அதை எழுதிய பொறியாளராலேயே ஒரு குறிப்பிட்ட வீடியோ ஏன் வந்தது என்று படிப்படியாகச் சொல்வது கஷ்டம். ஆனால் 'அதிக நேரம் இருக்க வைக்க வேண்டும்' என்ற இலக்கை வைத்தது இயந்திரம் இல்லை, நிறுவனம். வரைபடச் செயலியும் இப்படித்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கூடலூர் வழி சுற்று, கல்லட்டி வழி தூரம் குறைவு. தூரத்தையும் நேரத்தையும் மட்டும் பார்க்கச் சொன்னால் அது 36 கொண்டை ஊசி வளைவு உள்ள சரிவில்தான் இறக்கிவிடும், சமவெளியிலிருந்து வந்தவர் பிரேக்கை மிதித்தே இறங்குவார் என்பது அதன் கணக்கில் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? பாடப்புத்தகத்தில் 'நெறிமுறை' இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நெறி என்றாலே நல்வழி, ஒழுக்கம் என்ற வாசனை வருகிறது, அந்த மரியாதையை ரீல்ஸ் வரிசைக்குக் கொடுக்க வேண்டாம். 'வழிமுறை' ரொம்பப் பொது. 'படிமுறை' தான் பொருத்தம்: சொல்லிலேயே படி இருப்பதால் எந்தப் படி, யார் வைத்த படி என்று கேட்கத் தோன்றும். தேடல் படிமுறை, பரிந்துரைப் படிமுறை என்று சேர்த்தும் எழுதலாம். பேச்சில் அல்காரிதம் என்றே இருக்கட்டும், பரவாயில்லை, எழுதும்போது மட்டும் 'அல்காரிதம் மாறிவிட்டது' என்பதை 'அந்த நிறுவனம் தன் பரிந்துரைப் படிமுறையை மாற்றிவிட்டது' என்று எழுதுங்கள்.