வாய் சிவப்பது எதனால்?

பினாங்கு என்றால் பாக்கு. மலாய் மொழியில் பினாங் என்பது பாக்கு மரம். புலாவ் பினாங் பாக்குத் தீவு. மாநிலக் கொடியின் நடுவிலும் அந்த மரம்தான் நிற்கிறது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாரியம்மன் கோவிலுக்குப் போகும் எவரும் வெற்றிலை பாக்கைப் பார்க்காமல் திரும்ப முடியாது. நிச்சயதார்த்தம் என்றாலே நமக்குத் தட்டு மாற்றுவதுதான். அந்தப் பாக்கைப் பற்றிக் கசப்பான செய்தி சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

"கெடுதல் எல்லாம் புகையிலையில்தான். நான் வெறும் வெற்றிலை பாக்குதானே போடுகிறேன்" என்பார் என் பாட்டி. ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த பல மூதாட்டிகளின் நம்பிக்கையும் இதுதான். இது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை கலக்காத பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும், ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் இருப்பது அதே பிரிவில்தான்.

எப்படி என்று பார்ப்போம். வெற்றிலையை மட்டும் மென்றால் எச்சில் பச்சையாகத்தான் இருக்கும். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் சிவக்கும். பாக்கின் துவர்ப்புக்குக் காரணம் பாலிஃபீனால் என்னும் பொருள்கள். சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மைக்கு (அமிலத்துக்கு எதிரான தன்மைக்கு) மாற்றியதும் இவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிவப்பாகின்றன. வாய் நன்றாகச் சிவந்தால் கட்டியவர் பிரியமானவர் என்று பெண்களைக் கேலி செய்வோமே, அந்தச் சிவப்பு இந்த வினையின் நிறம். வினை நடக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, எதையும் தாக்கும் ஆக்சிஜன் துணுக்குகளும் பிறக்கின்றன. அவை செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையைச் சிதைக்கின்றன.

ஒரு நாள் சிதைந்தால் உடல் பழுதுபார்த்துவிடும். ஆனால் வெற்றிலை போடுபவர் பெரும்பாலும் அதை ஒரே பக்கக் கொடுப்பில் அடக்கிக்கொள்வார். ஒரே இடம், நாளுக்குப் பல முறை, முப்பது நாற்பது ஆண்டுகள். பழுதுபார்ப்பதில் பிழைகள் தங்கித் தங்கிச் சேரும்போது, கட்டுப்பாடின்றிப் பெருகும் செல் ஒன்று உருவாகிவிடுகிறது.

பாக்கில் அரிகோலின் என்ற பொருளும் உண்டு. உடம்பைச் சூடாக்கி வியர்க்க வைத்து விழிப்பைத் தருவது அதுதான். விடியும் முன் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த விழிப்பு தேவைப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விட முடியாத பழக்கமாக்குவதும் அரிகோலின்தான். எச்சிலில் அது நைட்ரோசமைன் என்ற புற்றுநோய் ஊக்கிகளாகவும் மாறுகிறது.

இன்னொரு சேதம் சத்தமில்லாமல் நடக்கிறது. அரிகோலின் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் இருக்கும் செல்களைத் தூண்டி, கொலாஜன் நார்களை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. பாக்கில் தாமிரமும் நிறைய இருக்கிறது. நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் நொதிக்கு அந்தத் தாமிரம் வலுவூட்டுகிறது. மெத்தென்ற கன்னம் வார் போல இறுகிப்போகிறது. முதல் அறிகுறி எரிச்சல். ரசம் பட்டாலே காந்தும். பிறகு வாய் திறப்பது குறையும். இறுகிய நார்கள் பழக்கத்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இப்படி இறுகிய வாயில் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது.

என் பாட்டி கடைசிக் காலத்தில் காரமே வேண்டாம் என்றார். வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

2022-இல் உலகில் வாய்ப்புற்று கண்டவர் சுமார் 390,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 120,000 பேருக்குக் காரணம் பாக்கும் மெல்லும் புகையிலையும் என்று அதே முகமை கணக்கிட்டது. மலேசியாவில் இந்த நோய் இந்தியரிடையே மிகுதி. ஆண்டுதோறும் பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளில், "புகைக்காதீர்" என்ற சுவரொட்டிகளைப் பார்க்கிறேன். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத மூதாட்டி அதைத் தன்னிடம் பேசுவதாக எப்படி எடுத்துக்கொள்வார்? அவரிடம் வெற்றிலைப் பெட்டியைப் பற்றித்தான் பேச வேண்டும், தமிழில் பேச வேண்டும்.

நுரையீரலையோ கணையத்தையோ போல வாய் மறைவான உறுப்பு அன்று. ஒரு டார்ச் விளக்கு போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2005-இல் முடிவு வெளிவந்தது.

பார்க்க வேண்டியவை சில: துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண். தொடக்கத்தில் இவை வலிப்பதே இல்லை. வாய் இறுகியிருக்கிறதா என்று அறிய, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல்செட் கட்டப் போகும் நாளிலேயே, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பார்த்துவிடும்படி கேட்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்கள்தான் ஆகும்.