கூறையை வெட்டும் முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள்

கிளிநொச்சியில் தையலகம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பாடசாலைச் சீருடையும் சேலைச் சட்டையும்தான். சென்ற ஆண்டு ஓர் அக்கா, சொப்பிங் பையில் சுருட்டிய அரக்குச் சிவப்புப் பட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "இதில் மகளுக்கு ஒரு சட்டை வெட்டலாமா, தங்கச்சி?" விரித்தால் அது முழுச் சேலை இல்லை, இரண்டு முழத் துண்டு. மூன்று பக்கமும் தங்கூசியால், அதாவது மீன்பிடி நைலோன் நூலால், மூட்டிய தையல், மடிப்புக்குள் மணல்.

2009 இறுதிப் போரை வன்னியில் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னால் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் எல்லாம் கடற்கரை மணல். அதில் வெட்டிய பதுங்கு குழி சரியும். சுற்றிவர மண்மூட்டை அடுக்க வேண்டும். உரப்பைகள் தீர்ந்த இடத்தில் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். நூல் சேலை முடிந்து பட்டுக்கு வந்தது. பலருக்குக் கடைசியில் கூறை. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்து, தாலி ஏறும்போது உடுத்தியிருந்த சேலை.

அந்தத் துண்டை நான் வெட்டவில்லை. காரணம் என் பழைய பிழை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி வந்த ஒரு பட்டுத் துண்டைச் சவர்க்காரம் போட்டு அலசி, தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன். வாங்கிப் பார்த்த அம்மா, "இது யாருடையது, பிள்ளை?" என்றார்.

இடம்பெயர்வில் படங்களும் பத்திரங்களும் தொலைந்த வீடுகளில், ஒரு துணிதான் குடும்பத்தின் கதையைச் சொல்ல மிஞ்சியிருக்கும். அதில் கறையும் தையலும் அழுக்கல்ல. ஆகவே அவசரப்பட்டுத் துவைக்காதீர்கள்.

இன்னொன்று, பொலித்தீன் பை. நான் பார்த்த பழுதுகளில் பாதி அதனால் வந்தவை. கார்த்திகை, மார்கழி ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே நைந்து கிழியும். வெயிலில் போட்டால் சாயமும் போகும், இழையும் போகும். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. கறுத்த சரிகையைப் புளி போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது குத்துவிளக்கு அல்ல, வெறும் இழை. கஞ்சி போட்ட பருத்திச் சேலையை மட்டும் அலசிக் கஞ்சியைப் போக்கிவிட்டு வையுங்கள். பூச்சி முதலில் தேடி வருவது கஞ்சியைத்தான்.

அக்காவின் துண்டைப் பருத்தித் துணியின் மேல் தளர்வாக நூலோடிப் பொருத்தினேன். தங்கூசித் தையலைத் தொடவில்லை. மணல் பட்டு இழையை அரிக்கும் என்பதால் மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தேன். அதையும் அக்கா கடதாசியில் மடித்து வாங்கிக்கொண்டார்.

மகளின் சட்டைக்கு வேறு பட்டு எடுக்கச் சொன்னேன். நிறம் பார்க்க அந்தத் துண்டையும் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்தச் சிவப்பு இப்போது வருவதில்லை என்றாராம் கடைக்காரர்.