லூருக்குப் பெயர் வைத்தால் போதுமா? டிரேட்மார்க் பதிவு பற்றி

என் தங்கை மகன் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தூண்டிலுக்கு லூர், அதாவது மீனை ஏமாற்றும் போலி இரை, செய்கிறான். பித்தளைத் தகட்டை வேப்பிலை அளவுக்கு வெட்டி, உருண்டைத் தலைச் சுத்தியால் தட்டிக் குழிவாக்கி, எஃகுக் கம்பியில் கோத்து, அடியில் மூன்று முனைக் கொக்கியை மாட்டுகிறான். தண்ணீருக்குள் இழுக்கும்போது தகடு சுழன்று மின்னும். சின்ன மீன் ஓடுகிறது என்று நினைத்து வரால் வந்து அடிக்கும். பாலக்காட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. பாக்கெட் அட்டையில் 'வரால் கில்லர்' என்று அச்சடித்திருந்தான். "பஞ்சாயத்து லைசென்ஸ் எடுத்துவிட்டேன், உத்யம் பதிவும் ஆகிவிட்டது. இனி இந்தப் பெயரை வேறு யாரும் வைக்க முடியாதுதானே மாமா?" என்று கேட்டான்.

வைக்கலாம். பஞ்சாயத்து லைசென்ஸ் தொழில் நடத்த அனுமதி. உத்யம், தொழில் எவ்வளவு சிறியது என்பதற்குச் சான்று. ஜிஎஸ்டி எண் வரிக்கு. மூன்றிலும் கடைப் பெயர் இருக்கும். மூன்றுமே அந்தப் பெயரை உங்களுக்குச் சொந்தமாக்காது. அதற்கென்று இருப்பது 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டமும் 2017-ஆம் ஆண்டு விதிகளும்தான்.

இந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில்தான் பலர் விழுகிறார்கள். பொருள் என்ன வகை, எதற்குப் பயன்படும், எப்படிப்பட்டது, எந்த ஊரில் செய்தது என்பதை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய மாட்டார்கள். வரால் பிடிக்கும் பொருளுக்கு 'வரால் கில்லர்' என்று வைப்பது, இட்லிக்கு 'மெத்து இட்லி' என்று வைப்பதைப் போன்றது. வரால் என்றால் மலையாளத்திலும் வரால்தான். எல்லையைத் தாண்டினாலும் அர்த்தம் மாறாது. அடுத்ததாக அவன் யோசித்த 'மீன்கரை லூர்ஸ்' அணை இருக்கும் ஊரின் பெயர். பல ஆண்டுகள் புழங்கி, பெயரைச் சொன்னாலே சரக்கு நினைவுக்கு வரும் நிலை இருந்தால் விதிவிலக்கு உண்டு. போன ஓணத்துக்குத் தொழில் தொடங்கியவனுக்கு அது பொருந்தாது.

விற்பனைக்குச் சுலபமான பெயர் சட்டத்துக்கு முன்னால் பலவீனமாகவும், சட்டத்தில் பலமான பெயர் முதலில் யாருக்கும் புரியாததாகவும் இருப்பது இதில் ஒரு வேடிக்கை. மீனைப் பற்றி எதுவுமே சொல்லாத பெயராகப் பார் என்றேன். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா சொன்ன பெயர் 'மூக்குத்தி'. தகடு மின்னுவதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நகைக்கடைக்காரர் மூக்குத்தி விற்க இந்தப் பெயரைக் கேட்டால் கிடைக்காது; அது பொருளின் பெயரே. தூண்டில்காரனுக்கு அந்தத் தடை இல்லை. மலையாளக்காரர்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் தேடிப் பார்க்க வேண்டும். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்து மட்டுமல்ல, ஒலி ஒத்துப்போனாலும் 11-ஆவது பிரிவின்படி ஆட்சேபம் வரும். மூக்குத்தியை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஒலி வழித் தேடல் தனியாக இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். லூர், கொக்கி, தூண்டில் கோல், நரம்பு எல்லாம் 28-ஆவது வகுப்பு. உயிருள்ள இரை 31. மற்றவர்களின் சரக்கையும் வாங்கி விற்கும் கடை என்றால் 35. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம் என்பதால், மூன்று நான்கு வகுப்புகளில் போடச் சொல்லும் ஏஜென்ட் சொல்வதை அப்படியே கேட்க வேண்டியதில்லை. லூர் மட்டும் செய்கிறவனுக்கு 28 போதும்.

விண்ணப்பப் படிவம் டிஎம்-ஏ. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் இணையத்தில் வகுப்புக்கு 4,500 ரூபாய். நேரில் கொடுத்தால் 5,000. மற்றவர்களுக்கு 9,000, 10,000. தனிநபராகத் தன் பெயரில் போடுகிறவருக்கு உத்யம் சான்று தேவையில்லை. கூட்டாளிகள் சேர்ந்து சிறுதொழில் சலுகை கேட்டால் அதைக் காட்ட வேண்டும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் சென்னை கிண்டி அலுவலகம்தான். தமிழிலோ மலையாளத்திலோ பெயரைப் போட்டால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். லோகோவோடு போடுவதைவிட வெறும் சொல்லாகப் போடுவது நல்லது என்பது என் எண்ணம். எழுத்து வடிவத்தை நாளை மாற்றினாலும் சொல் உங்களுடையதாகவே இருக்கும்.

எப்போதிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் படிவம் கேட்கும். முன்பே விற்றிருந்தால் முதல் தேதியைச் சொல்லி, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும். இன்னும் விற்கவில்லை என்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டால் போதும். பழைய பில் புத்தகத்தையும் கூரியர் ரசீதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னால் வந்த ஒருவர் உங்களை முந்திப் பதிவு செய்துவிட்டால், 34-ஆவது பிரிவின்படி உங்கள் பழைய பயன்பாட்டைக் காட்டி நிற்க அந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும்.

விண்ணப்பத்தைப் பரிசோதகர் பார்த்து அறிக்கை அனுப்புவார். ஆட்சேபம் இருந்தால் அறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இதில் நான் பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் என் ஊறுகாய்க்கு விண்ணப்பித்தபோது, அறிக்கை வந்த மின்னஞ்சலை நான் திறந்தே பார்க்கவில்லை. பிறகு இணையதளத்தில் பார்த்தால் 'கைவிடப்பட்டது' என்று இருந்தது. கட்டிய பணமும் போயிற்று. அதனால் தங்கை மகனுக்கு வாரம் ஒரு முறை நிலவரம் பார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறேன்.

பரிசோதகர் ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள். அன்றிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் உங்கள் பதிலுரைக்கு 2 மாதம். அந்தக் கட்டத்தில் மட்டும் வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம். எதிர்ப்பு இல்லையென்றால் சான்று வரும். உரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள். புதுப்பிக்க இணையத்தில் 9,000 ரூபாய். பதிவு செய்துவிட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், வேறொருவர் கேட்டு அதை நீக்கவும் முடியும். உத்யம் பதிவு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) இன்னோவேட்டிவ் திட்டத்தில் டிரேட்மார்க் செலவில் 10,000 ரூபாய் வரை திரும்பப் பெற வழி உண்டு. சான்று கைக்கு வந்த பிறகு, திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

டிரேட்மார்க் பெயரைத்தான் காக்கும். தகட்டின் வளைவையும் வண்ணக் கோட்டையும் காக்க 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் தனிப் பதிவு வேண்டும். அது புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியிருந்தால் புதியது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. விண்ணப்பம் போட்டாலும் போடாவிட்டாலும் பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவு முடிந்த பிறகே போட வேண்டும். முன்பே போட்டால் அபராதம். எங்கள் பையன் ஆர்வத்தில் 500 அட்டைகளை வட்ட ஆரோடு அச்சடித்துவிட்டான். இப்போது திண்ணையில் பித்தளைத் தகடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் அம்மாவும் அவனுமாக அந்த வட்டத்தின் மேல் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.