இரண்டாவது ஜாம்பிப் படம் ஏன் சறுக்குகிறது?

2016இல் வந்த 'ட்ரெயின் டு பூசான்' என்ற தென்கொரியப் படத்தில் ஒரு காட்சி. ஓடிக்கொண்டிருக்கும் ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. பெட்டி இருட்டாகிறது. அதுவரை மேலே விழுந்து கடிக்க வந்த ஜாம்பிகள் தடுமாறி நிற்கின்றன. இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது! படத்தில் வருகிறவர்களோடு சேர்ந்து நாமும் அந்த நொடியில்தான் இதைக் கண்டுபிடிக்கிறோம். 2020இல் அதே இயக்குநர் யோன் சாங்-ஹோ அதன் தொடர்ச்சியாக எடுத்த 'பெனின்சுலா'விலும் ஜாம்பிகளுக்கு இருட்டில் கண் தெரிவதில்லை. அது நமக்கு ஏற்கெனவே தெரியும், அதுதான் சிக்கல்.

நரம்பியல் அறிஞர் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நியூரான்களின் (நரம்பு செல்களின்) துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டு பழச்சாறு கொடுத்தால் அவை படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு நாக்கில் படும்போது எந்தச் சலனமும் இல்லை. சாறு என்னவோ அதே சாறுதான். விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமாக இருக்கும் துடிப்புகூட அந்த நேரத்தில் அடங்கிப்போனது. பீட்டர் டயான், ரீட் மாண்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997இல் ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதை ஒரு கழித்தல் கணக்காக விளக்கியது: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவோ, அதைத்தான் அந்த நியூரான்கள் சொல்கின்றன.

சினிமா பழச்சாறு அல்ல, சரி. ஆனாலும் இரண்டாம் பாகத்தின் டிரெய்லரை எரிகிற விளக்காக நினைத்துப் பாருங்கள். பழையதையே திரும்பக் கொடுத்தால் கழித்தலில் எதுவும் மிஞ்சாது. மாற்றிக் கொடுத்தால், காத்திருந்தது வரவில்லை என்ற சரிவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. 'பெனின்சுலா' மாற்றித்தான் கொடுத்தது: மூச்சுமுட்டும் ரயில் பெட்டிக்குப் பதில், பாழடைந்த நகரத்தில் கார் துரத்தல்கள். தனியாகப் பார்த்தால் அவை ஒன்றும் மோசமில்லை என்பது என் கட்சி.

இயக்குநரைத் திட்டுவதற்கு முன் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் குள்ளமாக இருப்பதை 1886இல் பிரான்சிஸ் கால்டன் காட்டினார். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர். ஒரு படத்தின் வெற்றியில் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் இருக்கும். இரண்டும் சேர்ந்து வாய்த்த படத்துக்குத்தான் பெரும்பாலும் தொடர்ச்சி எடுக்கிறார்கள். அடுத்த முறை திறமை கூடவே வரும். அதிர்ஷ்டத்துக்கு மட்டும் மறுபடி சீட்டுக் குலுக்க வேண்டும். யாரும் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் இறக்கத்துக்கே வாய்ப்பு அதிகம். சுமாராக ஓடிய படங்களுக்கும் வரிசையாக இரண்டாம் பாகம் எடுத்தால், முதலைவிட மேலான படங்கள் நிறையக் கண்ணில் படும்.

முதல் படத்துக்குத் தென்கொரியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. இரண்டாவது அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் அது வெளியானது 2020 ஜூலையில், கொரோனாவுக்குப் பயந்து மக்கள் தியேட்டர் பக்கமே போகத் தயங்கிய நேரம். தொற்றுநோய்ப் படத்துக்கு நிஜத் தொற்றுநோயே போட்டி. ஆக, அந்த இறக்கத்தில் கதையின் பங்கு எவ்வளவு, கிருமியின் பங்கு எவ்வளவு என்று டிக்கெட் கணக்கை வைத்துப் பிரிக்க வழியில்லை.