மித்தரான் பிறவி சோசலிஸ்ட் அல்ல: பிரெஞ்சு அரசியல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் மே 10ஐ ஒட்டியும் ஜனவரி 8ஐ ஒட்டியும் செய்தி மேசைக்கு ஒரு கட்டுரை தவறாமல் வந்துவிடும். முன்னது பிரான்சுவா மித்தரான் 1981இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற நாள். பின்னது 1996இல் அவர் இறந்த நாள். எழுதுபவர் மாறினாலும் ஒரு வரி மாறாது: "இளமை முதலே சோசலிசத்தில் ஊறிய மித்தரான், கட்சியில் அடிமட்டத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து…" இந்த முறையும் அதே வரி வந்தது, கூடவே "கட்சியின் நிறுவனர்" என்ற புதுப்பட்டத்தோடு. அடித்துத் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனிமேல் சுட்டியை மட்டும் அனுப்பிக்கொள்ளலாம்.

மித்தரான் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தது 1971 ஜூனில். பிறந்தது 1916 அக்டோபர் 26. அதாவது சேரும்போது வயது 54. அதற்குள் அவர் 11 முறை அமைச்சராக இருந்துவிட்டார், கீழவை உறுப்பினராகவும் மேலவை உறுப்பினராகவும் இருந்துவிட்டார், ஒரு தடவை ஜனாதிபதித் தேர்தலில் நின்று இரண்டாம் சுற்று வரை போய்த் தோற்றும்விட்டார். இதில் "அடிமட்டம்" எங்கே இருக்கிறது?

அவர் சேர்ந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாரிஸுக்கு வடக்கே உள்ள எப்பினேயில் ஜூன் 11 முதல் 13 வரை மாநாடு. மித்தரான் தன்னுடைய சிறிய அமைப்போடு வந்து கட்சியில் இணைகிறார். கட்சிக்குள் நீண்டநாள் தலைவர் கி மொலேயின் பழைய அணி, அலென் சவாரி தலைமையில் தொடர நினைக்கிறது. அதைக் கவிழ்க்க விரும்பியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்: வலது ஓரத்தில் பியேர் மொருவா, கஸ்தோன் தெஃபேர், இடது ஓரத்தில் ஷெவெனமான் குழு. இந்த இரண்டு தரப்புக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. மித்தரான் இருவரையும் ஒரே தீர்மானத்தின் பின்னால் நிறுத்தினார். சிறு வித்தியாசத்தில் தீர்மானம் வென்றது. ஜூன் 16இல் அவர் கட்சியின் முதல் செயலாளர். அந்தக் கட்சியில் அதுதான் தலைமைப் பதவி. உறுப்பினர் அட்டையும் தலைமை நாற்காலியும் ஒரே வாரத்தில் கிடைத்தன. "படிப்படியாக" என்று எழுதுகிறவர்கள் எந்தப் படியைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

நிறுவனர் பட்டமும் பொருந்தாது. அந்தக் கட்சியின் வேர் 1905இல் உருவான பழைய சோசலிஸ்ட் கட்சி. அது 1969இல் பெயர் மாற்றிக்கொண்டது. மித்தரான் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, அதற்கு முன் அவர் யார்? ஷாரான்த் மாவட்டத்து ஜார்னாக் என்ற சிற்றூரில் கத்தோலிக்க, வசதியான குடும்பம். 1930களில் பாரிஸில் மாணவர். அப்போது கர்னல் தெ லா ரோக்கின் வலதுசாரி இயக்கத்தின் இளைஞர் பிரிவில் இருந்தார். 1940 ஜூனில் வெர்தன் அருகே காயம்பட்டு ஜெர்மானியரிடம் கைதியானார். இரண்டு முறை தப்பப் பார்த்துப் பிடிபட்டு, 1941 டிசம்பரில் மூன்றாவது முயற்சியில் தப்பினார். 1942இல் விஷி அரசில், அதாவது ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசில், வேலை. 1943இல் விஷியின் ஃபிரான்சிஸ்க் பதக்கம். அதே 1943இல் 'மோர்லான்' என்ற மறைபெயரில் ஜெர்மானிய எதிர்ப்பு இயக்கத்திலும் இருந்தார்; ஆண்டு முடிவதற்குள் லண்டன், அங்கிருந்து அல்ஜியர்ஸ் போய், ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட பிரெஞ்சுத் தரப்பின் தலைவர் டி கோலைச் சந்தித்தார். மித்தரானை விரும்புகிறவர்கள் பதக்கத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், வெறுக்கிறவர்கள் மோர்லானை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் நடந்தவை. இரண்டும் ஒரே ஆண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை. ஒன்றை மட்டும் எழுதினால் பிரதி திரும்பி வரும்.

1946 நவம்பரில் நியேவ்ர் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனது வலதுசாரி வாக்குகளின் துணையோடு, கம்யூனிஸ்ட் எதிர்ப்பு மேடையில். 1947 ஜனவரியில் முன்னாள் படைவீரர் நலத்துறை அமைச்சர், வயது 30. இத்தனை இளம் வயதில், இத்தனை முறை எப்படி அமைச்சரானார் என்று வியப்பவர்கள் அன்றைய கணக்கைப் பார்ப்பதில்லை. நான்காவது குடியரசில் (1946–58) அரசுகள் சராசரியாக ஆறேழு மாதம்தான் தாங்கின. எந்தக் கூட்டணிக்கும் ஒரு சில இடங்கள் குறையும். மித்தரானின் கட்சி இருபது பேர் அளவில் இருந்த நடுநிலைச் சிறு கட்சி; இடப்பக்கமும் சேரும், வலப்பக்கமும் சேரும். அதனால் பெரும்பாலான அமைச்சரவைகளில் அதற்கு ஒரு நாற்காலி. அந்தக் காலத்து அமைச்சர் ஒருவர் "பதவி இழந்தார்" என்று படித்ததும் ஊழல், அவமானம் என்று ஊகித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அரசே கவிழ்ந்திருக்கும்.

அடுத்து, எல்லோரும் தாண்டிப் போகிற அல்ஜீரியா. 1954 ஜூனில் பிரதமர் மெண்டெஸ் பிரான்ஸின் அமைச்சரவையில் மித்தரான் உள்துறை அமைச்சர். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய எழுச்சி தொடங்கியது. அல்ஜீரியா சட்டப்படி பிரான்ஸின் மாவட்டங்களாக இருந்ததால் அது உள்துறையின் பொறுப்பு. அல்ஜீரியா பிரான்ஸேதான் என்று நாடாளுமன்றத்தில் நவம்பர் 12இல் அவர் பேசினார். (அதே நவம்பர் 1ஆம் தேதிதான் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது. அந்த அமைச்சரவையில் அவர் இருந்ததை வைத்து "புதுச்சேரியை விடுவித்த மித்தரான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். புதுச்சேரி உள்துறையின் பொறுப்பில் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.)

1956 பிப்ரவரி முதல் 1957 நடுப்பகுதி வரை, கி மொலே பிரதமராக இருந்த அரசில் மித்தரான் நீதித்துறை அமைச்சர். அன்றைய முறைப்படி மரண தண்டனைக் கைதியின் கருணை மனு, நீதித்துறை உயர் மன்றத்தில் விவாதிக்கப்படும். நீதித்துறை அமைச்சர் அதன் துணைத் தலைவர். முடிவு ஜனாதிபதி கோத்தியின் கையில். இந்த ஒன்றரை ஆண்டுக்குள் அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரின் தலை கில்லட்டினில் துண்டிக்கப்பட்டது. பெரும்பாலான மனுக்களில் மித்தரானின் கருத்து கருணைக்கு எதிராகவே இருந்தது. 1957 பிப்ரவரி 11இல் அல்ஜியர்ஸில் கொல்லப்பட்ட ஃபெர்னாண்ட் இவ்தோன் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளி. அவர் வைத்த குண்டு வெடிக்கவே இல்லை, ஒருவரும் சாகவில்லை.

பிறகு 1981 மார்ச் 16. தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கையில், மக்களில் பெரும்பான்மையோர் மரண தண்டனையை ஆதரித்த நேரத்தில், அதற்குத் தான் எதிரி என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். வென்றார். அவருடைய நீதித்துறை அமைச்சர் ரோபேர் பதாந்தேர், மரண தண்டனையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். கீழவையில் 363க்கு 117, மேலவையில் 160க்கு 126. அக்டோபர் 9இல் சட்டம். "வாழ்நாள் முழுதும் மரண தண்டனையை எதிர்த்தவர்" என்று எழுதுகிறவர் 1957ஐ மறைக்கிறார். 1957ஐ மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறவர், தேர்தல் நேரத்தில் அவர் எடுத்த உண்மையான துணிச்சலை மறைக்கிறார். தேதி போட்டு எழுதினால் இரண்டுக்கும் இடம் உண்டு.

நடுவில் உள்ள ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1958 ஜூனில் டி கோல் பிரதமராகப் பதவியேற்பதை எதிர்த்து வாக்களித்தார், நவம்பரில் தொகுதியை இழந்தார். அவர் இடதுசாரி ஆனது இந்த எதிர்ப்பில்தான் தொடங்குகிறது. சோசலிசத் தத்துவத்தைப் படித்து வந்ததல்ல. 1959இல் ஷாத்தோ-ஷினோன் மேயர், மேலவை உறுப்பினர். அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸ் வானாய்வுக்கூடத்தருகே அவர் மீதே நடந்த போலிக் கொலைமுயற்சி விவகாரத்தில் பெயர் கெட்டது. 1962இல் மீண்டும் கீழவை. மேயர் பதவியை 1981 வரை விடவில்லை. மேயர், மாவட்ட மன்றத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று மூன்றையும் ஒருசேர வைத்திருப்பது அன்று சாதாரணம். கீழவை உறுப்பினர் மேயராகவும் இருக்க முடியாது என்ற விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே "மேயர் பதவியைத் துறந்து நாடாளுமன்றம் சென்றார்" என்று நீங்களாகவே இட்டு நிரப்பாதீர்கள்.

சதவீதங்கள் பெரிய குழப்பம். பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மோதுவார்கள். 1965இல் மித்தரானுக்கு முதல் சுற்றில் 31.72, இரண்டாம் சுற்றில் 44.80; டி கோல் வென்றார். 1974இல் 43.25, பிறகு 49.19; ஜிஸ்கார் தெஸ்தானிடம் சுமார் 4.25 லட்சம் வாக்கில் தோல்வி. 1981இல் முதல் சுற்றில் வெறும் 25.85, ஜிஸ்காரை விடக் குறைவு. இரண்டாம் சுற்றில் 51.76. இந்த எண்களை அருகருகே வைத்தால் "1974இல் 43 விழுக்காடு பெற்றவர் 1981இல் 26ஆகச் சரிந்தும் எப்படியோ வென்றார்" என்று தோன்றும். 1974இல் கம்யூனிஸ்டுகள் தனி வேட்பாளர் நிறுத்தவில்லை. 1981இல் அவர்களின் தலைவர் மர்ஷே நின்று 15.35 எடுத்தார். எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சுற்று என்று போடாத கட்டுரையைப் பாதி படித்த கட்டுரை என்றே எடுத்துக்கொள்வேன்.

வென்ற பின் குறைந்தபட்ச ஊதியம் 10 விழுக்காடு உயர்வு, ஐந்தாவது வாரச் சம்பள விடுப்பு, வாரத்துக்கு 39 மணி நேர வேலை, 60 வயதில் ஓய்வு. ஐந்து பெரும் தொழிற்குழுமங்களும், 100 கோடி பிராங்குக்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த வங்கிகளும் அரசுடைமை. அந்த மசோதாவை அரசியலமைப்பு மன்றம் 1982 ஜனவரியில் இழப்பீட்டுக் கணக்குக்காகத் தடுத்தது. தொகையை உயர்த்திய பின் பிப்ரவரியில் சட்டமானது.

"1983 மார்ச்சில் ஒரே இரவில் கொள்கையைக் கைவிட்டார்" என்பது அடுத்த வாய்ப்பாடு. பிராங்கின் மதிப்பு மூன்று முறை குறைக்கப்பட்டது: 1981 அக்டோபர், 1982 ஜூன், 1983 மார்ச். இரண்டாவது முறையே விலையும் கூலியும் நான்கு மாதம் உறைநிலைக்குப் போயின. சிக்கனம் அங்கேயே தொடங்கிவிட்டது. பிரான்ஸில் மட்டும் செலவைக் கூட்டினால் மக்கள் ஜெர்மன் பொருள்களையும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். வணிகப் பற்றாக்குறை ஏறும், நாணயம் ஆடும். 1983 மார்ச்சில் நின்ற கேள்வி, உறுப்பு நாடுகளின் நாணய மதிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்த ஐரோப்பிய நாணய ஏற்பாட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்பது. மித்தரான் பத்து நாள்போலத் தயங்கி, இருப்பது என்று முடிவெடுத்தார். அதையடுத்து வெளிநாடு போகும் பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்கு 2000 பிராங்குக்கு மேல் மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடுகூட வந்தது. துரோகம் என்று சொல்வதா, பொறுப்பு என்று சொல்வதா என்பது உங்கள் உரிமை. தேதி வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இனி எழுதுகிறவர்கள் கவனிக்க. அன்று ஜனாதிபதியின் பதவிக்காலம் ஏழு ஆண்டு. ஐந்தாகக் குறைந்தது 2000இல் நடந்த வாக்கெடுப்பால். ஆகவே 1981 மே 21 முதல் 1995 மே 17 வரை இரண்டு முறைதான், மூன்று அல்ல. அவருடைய ஆட்சிக்கால மருத்துவ அறிக்கைகளைச் சான்றாகக் காட்டவே கூடாது: 1981 நவம்பரில் புற்றுநோய் கண்டறியப்பட்டது, அறிக்கைகள் அதை மறைத்தன, மக்களுக்குத் தெரிந்தது 1992 செப்டம்பரில். 'மித்தரான் அரசு' என்று எழுதும் முன் பிரதமர் யார் என்று பாருங்கள். 1986 முதல் 1988 வரை வலதுசாரி ஷிராக், 1993 முதல் 1995 வரை வலதுசாரி பலாதூர். அந்த இடைவெளிகளில் உள்நாட்டுக் கொள்கை பிரதமரின் கையில். 1986இல் தனியார்மயத்தை அவசர ஆணையாகக் கொண்டுவர ஷிராக் முயன்றபோது, ஜூலை 14ஆம் தேதி, தேசிய நாளன்று, கையெழுத்திட மாட்டேன் என்று மித்தரான் தொலைக்காட்சியில் சொன்னார். ஷிராக் அதையே நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றிக்கொண்டார். அந்த விற்பனைகளை "மித்தரானின் தனியார்மயம்" என்று தலைப்பிட்ட பிரதி ஒன்று இப்போதும் மேசையில் கிடக்கிறது. தலைப்பில் ஷிராக்கின் பெயரைப் போட்டு மறுபடி அனுப்புங்கள், உடனே ஏற்றிவிடலாம்.